கிணற்றில் நீர் இறங்கியும் மோட்டர் ஏன் நிற்கவில்லை?

திருகோணமலையின் கடலோர ஊரான நிலாவெளியில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். தோட்டக் கிணற்றில் நீர் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் மோட்டரை நிறுத்தும் கருவியொன்றை ஆர்டுயினோ யூனோ என்னும் சிறு கணினிப் பலகையில் செய்திருக்கிறார். நீர் இறங்கியது, மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அதே செய்நிரலை நண்பரின் ஈ.எஸ்.பி. 32 பலகையில் ஏற்றினால் ஒழுங்காக நிற்கிறது. "என் பலகை பழுதா?" என்கிறார். அம்மம்மா நாவூறு என்று சொல்லிப் பலகைக்கு மிளகாய் சுற்றிப் போட்டும் ஆயிற்றாம்.

பலகையில் பழுதில்லை. மிளகாய்தான் வீண்.

கடலோரத் தோட்டத்துக்கு இந்தக் கருவி விளையாட்டுப் பொருள் அல்ல. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே கொஞ்சம் கூடுதலாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும்.

செய்நிரலில் நீர்மட்டம், எல்லை என்று இரண்டு மாறிகள், அதாவது எண்ணை வைக்கும் பெட்டிகள். இரண்டும் மில்லிமீட்டரில், 16 பிட் (0 அல்லது 1 வைக்கும் பதினாறு இடங்கள்) கொண்ட, கழித்தல் குறி ஏற்காத குறியில்லா எண்கள். நீர்மட்டத்திலிருந்து எல்லையைக் கழித்து, விடை பூச்சியத்தை விடக் குறைவென்றால் மோட்டரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நீர் 1180, எல்லை 1200. விடை −20 என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். யூனோ சொல்வது 65516.

குறியில்லாத 16 பிட்டில் 0 முதல் 65535 வரைதான் இடம். பூச்சியத்திலிருந்து ஓரடி பின்வைத்தால் 65535இல் போய் நிற்கும்; இருபது அடி வைத்தால் 65516. குறியில்லா எண் ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. இது, செய்நிரலைச் சிப்புக்குரிய கட்டளைகளாக மாற்றும் தொகுப்பானுக்கு முன்கூட்டியே தெரியும். நடக்கவே முடியாத நிபந்தனைக்கு எதற்கு இடம் என்று அதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. மோட்டரை நிறுத்தும் கட்டளை சிப்புக்குள் ஏறவே இல்லை! இது தெரியாமல் இரவிரவாக, மோட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயின் கம்பிகளைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார் தம்பி.

அப்படியானால் ஈ.எஸ்.பி. 32 மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னது? எனக்குச் சலிக்காத இடம் இதுதான். சி மொழி சிறிய எண்களை அப்படியே கழிப்பதில்லை. முதலில் அவற்றை 'இன்ட்' எனும் அடிப்படை வகைக்கு உயர்த்தப் பார்க்கும். ஒரு நிபந்தனை: சிறிய வகையின் எல்லா எண்களும் இன்டுக்குள் அடங்க வேண்டும். ஈ.எஸ்.பி. 32இல் இன்ட் 32 பிட். 65535 அதில் தாராளமாக அடங்குகிறது, எண்கள் குறியுள்ளவையாக மாறுகின்றன, விடை −20. யூனோவில் இன்ட் 16 பிட் மட்டுமே, −32768 முதல் 32767 வரை. 65535 அடங்காது. ஆகவே எண்கள் குறியில்லாமலே தங்கிவிடுகின்றன.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தம்பி சென்டிமீட்டரில் அளந்து 8 பிட் மாறிகளில் வைத்திருந்தால், அதே யூனோ 118இலிருந்து 120ஐக் கழித்து −2 என்று சரியாகச் சொல்லியிருக்கும். 8 பிட் எண் 16 பிட் இன்டுக்குள் அடங்கிவிடுகிறதல்லவா! பெரிய பெட்டியில் வந்த பிழை சின்னப் பெட்டியில் வரவில்லை. ஆனால் அந்த விடையைத் திரும்ப 8 பிட் குறியில்லா மாறியில் போட்டால் 254 ஆகிவிடும். 1989இல் சி மொழிக்குத் தரம் வகுக்கும் முன், குறியில்லாதது குறியில்லாததாகவே இருக்கட்டும் என்று நடத்திய தொகுப்பான்களும் இருந்தன. மதிப்பைக் காப்பதா, குறியின்மையைக் காப்பதா என்ற வழக்கில் மதிப்பு வென்றது.

சிப்புக்கு இந்த வழக்கே தெரியாது. 16 பிட்டில் −20உம் 65516உம் ஒரே பிட் வரிசைதான். எப்படி வாசிப்பது என்பது நாம் எழுதும் வகையில் இருக்கிறது.

தீர்வு ஒரு வரி: கழிக்காமல், நீர்மட்டம் எல்லையை விடக் குறைவா என்று நேரே கேட்பது. ஆர்டுயினோ மென்பொருளின் விருப்பத் தெரிவுகளில் தொகுப்பான் எச்சரிக்கைகளை 'அனைத்தும்' என்று மாற்றியும் வையுங்கள். நிறுவியவுடன் அது 'எதுவுமில்லை' என்றே இருக்கும். மாற்றியிருந்தால், இந்த நிபந்தனை எப்போதும் பொய் என்று முதல் நாளே சொல்லியிருக்கும். பாடசாலைகளில் புதுப் பலகை வந்ததும் யூனோ போன்ற பழைய 8 பிட் பலகைகளை அலமாரிக்குள் பூட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 32 பிட் மறைத்துவிடும் தவறை அந்தப் பழைய பலகைதான் காட்டிக்கொடுத்தது.

இனி எல்லா மாறிகளையும் குறியுள்ளவையாக மாற்றப்போவதாகத் தம்பி எழுதியிருக்கிறார். நேரம் எண்ணும் மாறியை மட்டும் விட்டுவிடுங்கள். அது மில்லிவினாடிகளை எண்ணும் 32 பிட் குறியில்லா எண், 49.7 நாளில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். அந்த நொடியிலும், இப்போதைய நேரத்திலிருந்து முந்தைய நேரத்தைக் கழித்தால் கடந்த நேரம் சரியாகவே வரும். மோட்டரை ஓடவிட்ட, பூச்சியத்தைத் தாண்டி மறுமுனைக்குப் போகும் அதே சுழற்சிதான் அங்கே கணக்கைக் காப்பாற்றுகிறது.