ஏசி கட்-ஆஃப்: கார்க்காரங்க சொல்ற இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன?

ஆக்சிலேட்டர அடிவரைக்கும் மிதிச்சா கார் ஏசியோட கம்ப்ரஸர், அதாவது குளிர்ச்சிக்கான காஸ அமுக்குற பம்பு, தானா கொஞ்ச நேரம் நின்னுடும், அப்புறம் தானா திரும்ப ஓட ஆரம்பிக்கும். இதுக்கு மெக்கானிக் ஷெட்ல பேரு "ஏசி கட்-ஆஃப்". சர்வீஸ் மேனுவல்ல "கட்-அவுட்"னும் இருக்கும். ரெண்டு சொல்லுமே நம்ம ஊர்ல ஏற்கனவே வேற வேலையில இருக்கு, கட்-ஆஃப்னா பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்களோட மார்க், கட்-அவுட்னா ரோட்டோரம் நிக்கிற நடிகர், தலைவர் படம்.

எனக்கு அதுகூட பிரச்சனை இல்ல, "கட்"ங்கிற சொல்லுதான் பிரச்சனை. கரண்ட் கட், போன் கட் ஆயிடுச்சு, நட்பு கட், எல்லாத்துலயும் நம்ம காதுக்கு அது "போச்சு"ன்னுதான் கேக்குது. முதல்ல வாங்குன சின்ன காருல மேட்டுல ஏறும்போது ஏசி விட்டு விட்டு வந்துச்சு, ஒரு ஷெட்ல போயி "ஏசி கட் ஆகுது"ன்னு சொன்னேன், அவங்க எதையும் செக் பண்ணாம காஸ் ஏத்திட்டாங்க, காசும் போச்சு, அடுத்த வாரம் அதே மேடு அதே கட். வண்டில கோளாறே இல்ல, கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான்.

ஏன் அப்படி செஞ்சான்னா, கம்ப்ரஸர ஓட்டுறது பேட்டரி இல்ல, இன்ஜினேதான், பெல்ட் போட்டு. சின்ன காருல அது மூணு நாலு குதிரைத்திறன் வரைக்கும் தின்னுடும். பெரிய வண்டிக்கு அது கணக்கே இல்ல, ஆனா மாருதி 800 மாதிரி 796 சிசி, 40 குதிரைக்கும் கீழ இருக்குற இன்ஜின்ல பத்துல ஒரு பங்க ஏசி எடுத்துக்கிட்டா எதிர்ல லாரி வர்ற நேரத்துல ஓவர்டேக் எப்படி முடியும்? அதனால முழுசா மிதிக்கிற அந்தச் சில நொடிக்கு கம்ப்ரஸர கழட்டி விட்டுடுறாங்க. புளோயர் நிக்காது, காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும், குளிர்ச்சி மட்டும் லேசா குறையும்.

கழட்டி விடுறது கம்ப்ரஸர் முன்னாடி இருக்குற காந்த கிளட்ச். பெல்ட் மாட்டுற சக்கரமான புல்லி இன்ஜின் ஓடுறப்ப எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும், கிளட்ச்சுல உள்ள கம்பிச்சுருளுக்கு, அதாவது காயிலுக்கு, 12 வோல்ட் கரண்ட் போனா ஒரு இரும்புத் தட்டு இழுக்கப்பட்டு புல்லியோட ஒட்டிக்கும், கம்ப்ரஸர் ஓடும். கரண்ட் நின்னா தட்டு விலகிடும், அந்த இடைவெளி சுமாரா அரை மில்லிமீட்டர்தான். பழைய வண்டிகள்ல இதுக்கு வேக்குவம் ஸ்விட்ச் இருந்துச்சு, முழுசா மிதிச்சா இன்ஜின் உறிஞ்சுற வெற்றிடம் கிட்டத்தட்ட இல்லாம போயிடும், அத வச்சு ஸ்விட்ச் கரண்ட நிறுத்தும். இப்ப த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காத்து போற வழியில இருக்குற கதவு, எவ்ளோ தொறந்திருக்குன்னு சென்சார் சொல்லும், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ, கிளட்ச்சுக்குக் கரண்ட் குடுக்குற ஸ்விட்ச்சான ரிலேவ நிறுத்தும்.

இந்த கிளட்ச்சோட அருமை தெரியணும்னா அமெரிக்காவுல பேக்கார்ட் கம்பெனி 1940 மாடல்ல குடுத்த ஏசிய நினைச்சுப் பாருங்க. காருல கம்பெனியே ஏசி வச்சுக் குடுத்ததுல அதுதான் முன்னோடி, ஆனா அதுல கிளட்ச்சே கிடையாது. கம்ப்ரஸர் வேணாம்னா இன்ஜின ஆஃப் பண்ணி, எறங்கி, பானட்டத் தொறந்து, பெல்ட்ட கையால கழட்டணும்! ஓடுற வண்டில ஒரு நொடிக்கு விட்டுட்டு மறுபடி புடிக்கிறதுங்கிற பேச்சுக்கே அங்க இடமில்ல.

சரி, சொல்லுக்கு வருவோம். கம்ப்ரஸர் லத்தீன்ல இருந்து வந்தது, சேத்து வச்சு அமுக்குறதுன்னு அர்த்தம், நம்ம "அமுக்கி" அப்படியே பொருந்துது. "அழுத்தி"ன்னும் சொல்லலாம், ஆனா வாயுவ சின்ன இடத்துக்குள்ள சுருக்குறதுக்கு அமுக்குறதுதான் சரியா வருது. த்ராட்டில்ங்கிறது தொண்டையைக் குறிக்கிற இங்கிலீஷ் சொல்லோட உறவு, குரல்வளைய நெரிக்கிறதுதான் அந்த வினைச்சொல்லோட அர்த்தம், அப்ப ஃபுல் த்ராட்டில்னா இன்ஜின் தொண்டைய முழுசா தொறந்து விடுறது. ஆக்சிலரேஷனுக்கு நம்ம ஸ்கூல் புக்குலயே "முடுக்கம்" இருக்கு, மாட்ட முடுக்குறோம்ல, அதே முடுக்கு. கிளட்ச் பழைய இங்கிலீஷ்ல விரல மடக்கி இறுக்கிப் புடிக்கிறது. ஆனா கார் கிளட்ச் புடிக்க மட்டுமா செய்யுது, விடவும் செய்யுது, அதனால "விடுபற்றி"ங்கிற சொல் இங்கிலீஷ விட ஒரு படி மேலன்னுதான் சொல்வேன்.

எனக்கு ரொம்ப புடிச்சது, கிளட்ச் விடுறதுக்கு இங்கிலீஷ்ல சொல்ற டிஸ்எங்கேஜ். எங்கேஜ்ல உள்ள "கேஜ்" பழைய பிரெஞ்சுல அடகு, பிணை. அப்ப டிஸ்எங்கேஜ்னா பிணையில இருந்து விடுவிக்கிறது. அங்க யாரும் எதையும் வெட்டல பாருங்க! அதனால துண்டிப்பு, வெட்டுன்னு மொழிபெயர்க்காம "முடுக்கநேர அமுக்கி விடுவிப்பு"ன்னு வச்சா விஷயம் முழுசா வந்துடுது. நீளம்தான், ஒத்துக்கறேன். சுருக்கி "முடுக்க விடுப்பு"ன்னு யோசிச்சேன், கம்ப்ரஸருக்கு லீவு குடுத்த மாதிரி அழகாத்தான் இருந்துச்சு, ஆனா யாழ்ப்பாணத்துல விடுப்புன்னா ஊர்வம்பு, அங்க படிக்கிறவங்க குழம்பிடுவாங்க. அதனால பேச்சுக்கு "அமுக்கி விடுவிப்பு" போதும்.

அடுத்த தடவ ஷெட்டுக்குப் போனா "கட் ஆகுது"ன்னு சொல்லாதீங்க, "மிதிக்கும்போது கம்ப்ரஸர் விடுது, கால எடுத்தா திரும்ப புடிக்குது"ன்னு சொல்லுங்க. இன்ஜின் ரொம்ப சூடானாலும், காஸ் பிரஷர் எகிறினாலும் குறைஞ்சாலும் கூட அது விடும், அது வேற கதை. வண்டி சமமான ரோட்டுல அமைதியா போறப்பவும் புடிக்கலன்னா மட்டும் காஸ், ரிலே, காயில்னு ஒவ்வொண்ணா பாக்கச் சொல்லுங்க.