நாடு மாறும் முன் ஸ்மியர் டெஸ்ட்: கூச்சப்படுபவர்களுக்கு என்ஹெச்எஸ் தரும் வசதிகள்

பிரிட்டனை விட்டு ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ ஊருக்கோ கிளம்பும் வீட்டில் ஒரு நீண்ட பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் தடுப்பூசிக் குறிப்பு, பள்ளிக் கடிதம், வங்கிக் கணக்கு, பல் டாக்டர் எல்லாம் அதில் இருக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே தடுக்க அம்மா எடுக்க வேண்டிய பரிசோதனையான ஸ்மியர் டெஸ்ட் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அதற்கான கடிதம் வந்து பல மாதமாக ஏதோ ஒரு இழுப்பறையில் கிடக்கும். கேட்டால், “அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்பார்கள். நேரமில்லை என்று சொன்னாலும் உள்ளே இருக்கும் காரணம் பல வீடுகளில் கூச்சம்தான்.

கூச்சப்படாதீர்கள் என்று சொல்லி யாருக்கும் கூச்சம் போனதாகத் தெரியவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும். அதோடேயே போய் டெஸ்ட்டை முடித்துக்கொண்டு வர, பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸின் திட்டத்துக்குள்ளேயே பல வழிகள் உண்டு. ஆனால் யாரும் தானாக முன்வந்து விரிவாகச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

யாருக்கு, எப்போது

அழைப்புக் கடிதம் அனுப்பும் முறையோடு என்ஹெச்எஸ்ஸின் கருப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டம் 1988 முதல் நடக்கிறது. 25 முதல் 64 வயது வரை உள்ள பெண்களுக்கு அழைப்பு வரும். முதல் கடிதம் 25 வயது நிறைவதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடும். இங்கிலாந்தில் 49 வயது வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்தது. 2025 ஜூலை 1 முதல், ஹெச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) இல்லை என்று முடிவு வந்தவர்களுக்கு எந்த வயதானாலும் அடுத்த அழைப்பு ஐந்து ஆண்டு கழித்துத்தான். ஸ்காட்லாந்து 2020லும் வேல்ஸ் 2022லும் இதே முறைக்கு மாறிவிட்டன. இடைவெளி கூடியது சிக்கன நடவடிக்கை என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். காரணம் அதுவல்ல. முன்பு மாறிய செல்களை நுண்ணோக்கியில் தேடினார்கள். இப்போது அந்த மாற்றத்துக்குக் காரணமான வைரஸையே முதலில் தேடுகிறார்கள். வைரஸே இல்லையென்றால் அடுத்த சில ஆண்டுகளில் ஆபத்து வர வாய்ப்பு மிகக் குறைவு. அதனால்தான் இந்த இடைவெளி.

காசு கிடையாது. வேலை விசா, மாணவர் விசா, கணவரின் விசாவில் வந்தவர் என்ற வித்தியாசமும் கிடையாது. ஜிபியில், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிவு செய்திருந்தால் போதும். பதிவு செய்வதற்கு விசாவையோ முகவரிச் சான்றையோ காட்டியே தீர வேண்டும் என்ற விதி இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஜிபியிடம் எந்த முகவரி இருக்கிறதோ அங்கேதான் கடிதம் போகும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தவர்களுக்குக் கடிதம் வராமலே போயிருக்கலாம். “எனக்கு வந்ததே இல்லை” என்பவர்கள் ஜிபி ரிசப்ஷனுக்குப் போன் செய்து, கடைசியாக எப்போது எடுத்தேன், அடுத்தது எப்போது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஜிபி பதிவில் ஆண் என்று இருக்கும், ஆனால் கருப்பை வாய் உள்ளவர்களுக்கு அழைப்பு தானாக வராது. அவர்களும் ஜிபியிடம் கேட்டுப் பெறலாம்.

இது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பட்டியலிலிருந்து விலகலாம், மனம் மாறினால் திரும்பவும் சேரலாம். ஆஸ்திரேலிய, கனடிய விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் இந்த டெஸ்ட் வழக்கமாகச் செய்யப்படுவதும் இல்லை. எடுக்காவிட்டால் விசா கிடைக்காதோ, எடுத்தால் சிக்கலாகுமோ என்ற இரண்டு பயமும் தேவையில்லை.

அந்த வைரஸைப் பற்றி, வீட்டில் சண்டை வராமல்

உடை மாற்றுவதை நினைத்துக் கூச்சப்படுவதைவிட, முடிவில் என்ன வருமோ என்று நினைத்துக் கூச்சப்படுபவர்கள் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹெச்பிவி உடலுறவு வழியே பரவும் வைரஸ் என்று எங்கோ படித்திருப்பார்கள். “இருக்கு” என்று வந்துவிட்டால் கணவர் என்ன நினைப்பார், இல்லையென்றால் கணவரைப் பற்றி நான் என்ன நினைப்பது?

எதையும் நினைக்க வேண்டியதில்லை. இந்த வைரஸ் மிகச் சாதாரணமானது. தோலும் தோலும் படும் நெருக்கமே பரவுவதற்குப் போதும். உடலுறவில் ஈடுபட்ட பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடலே அதை விரட்டிவிடும், வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டும். ஆகவே இன்று ஹெச்பிவி இருப்பதாக ஒரு முடிவு வந்தால், அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. யார் மேலும் சந்தேகப்பட அது ஆதாரமே இல்லை.

முடிவுக் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். கணவருக்கோ மாமியாருக்கோ ஜிபியிலிருந்து யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. வீட்டில் யாராவது கடிதத்தைப் பிரிப்பார்கள் என்ற கவலை இருந்தால் என்ஹெச்எஸ் ஆப்பில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

முடிவு பெரும்பாலும் மூன்று விதமாக வரும். ஹெச்பிவி இல்லை என்றால் வழக்கமான அடுத்த அழைப்பு வரை விட்டுவிடலாம். ஹெச்பிவி இருக்கிறது, ஆனால் செல்களில் மாற்றம் இல்லை என்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி எடுப்பார்கள். இருக்கிறது, செல்களும் மாறியிருக்கின்றன என்றால் கால்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள். அதாவது உருப்பெருக்கிக் கருவி வைத்துக் கருப்பை வாயை நேரடியாகப் பார்ப்பது. இதில் எதுவும் “புற்றுநோய்” என்ற தீர்ப்பு இல்லை. செல் மாற்றம் புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்து அகற்றிவிடலாம் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படையே.

அறைக்குள் என்ன நடக்கும், நீங்கள் எதையெல்லாம் கேட்கலாம்

மாதிரி எடுப்பவர் பெரும்பாலும் பெண் நர்ஸ்தான். நேரம் வாங்கும்போதே “பெண் நர்ஸ்தான் வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். பெண்ணாக இருந்தாலும் ஒரு சிக்கல் வரலாம். தமிழர்கள் நிறைய இருக்கும் பகுதிகளில் அந்த நர்ஸ் கோயிலில் பார்க்கும் முகமாக, பிள்ளையின் நடன வகுப்பில் பக்கத்தில் உட்காரும் முகமாக இருக்கலாம். வேறு நர்ஸைக் கேட்பது தவறே இல்லை, காரணமும் சொல்ல வேண்டாம். சில ஊர்களில் பாலியல் நலக் கிளினிக்குகளிலும் எடுக்கிறார்கள். தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க அது ஒரு வழி.

ஆங்கிலம் தடை என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், இலவசம்தான். கணவரையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்கத் தேவையில்லை. வைக்காமல் இருப்பதே நல்லது. மகள் முன்னால் “கடைசி மாதவிடாய் எப்போது” என்ற கேள்விக்கே பலருக்கு வாய் வராது. மொழிபெயர்ப்பவரும் நம் ஊர்க்காரராக இருப்பாரே என்று தயங்கினால் போன் வழியாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அறையில் இன்னொரு ஆள் இல்லாதது கொஞ்சம் நிம்மதி.

உடை விஷயம். இடுப்புக்குக் கீழே உள்ளதை மட்டும்தான் கழற்ற வேண்டும். அதுவும் திரைக்குப் பின்னால், தனியாக. மேலே போர்த்திக்கொள்ள விரிப்பு தருவார்கள். நீளமான குர்தாவோ அகலமான பாவாடையோ போட்டுப் போனால் கீழே இருப்பதைக் கழற்றிய பிறகும் மூடியபடியே இருக்கலாம். ஜீன்ஸ் போட்டுப் போனால் அந்த வசதி இல்லை. முடி எடுக்கவில்லையே, காலையிலிருந்து அலைந்த உடம்பாயிற்றே என்பதெல்லாம் நமக்குத்தான் பெரிய கவலை. ஒரு நாளில் பலரைப் பார்க்கும் நர்ஸ் அதைக் கவனிப்பதே இல்லை.

பிறகு ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து மெல்லத் திறந்து, மென்மையான சிறு பிரஷ்ஷால் கருப்பை வாயில் தடவி எடுப்பார்கள். எடுக்கும் வேலை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உங்களால் கேட்க முடிந்தவை பல: சின்ன ஸ்பெகுலம் வேண்டும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கிறேன், நானே உள்ளே வைத்துக்கொள்கிறேன், உடன் ஒரு பெண் ஊழியர் நிற்கட்டும், என் தோழி கூட இருக்கட்டும், எனக்கு இரட்டை நேரம் ஒதுக்குங்கள். “நிறுத்துங்கள்” என்று எந்த நொடியிலும் சொல்லலாம். சொன்னால் நிறுத்தியாக வேண்டும். முன்பு யாராவது உங்களுக்குப் பாலியல் தொல்லை கொடுத்திருந்தாலோ, உள்ளே எதுவும் நுழைந்தாலே உடம்பு இறுகிவிடும் என்றாலோ, “எனக்கு இது கஷ்டம், கொஞ்சம் பொறுமை வேண்டும்” என்று ஒரு வரி சொன்னால் போதும். விவரம் சொல்லத் தேவையில்லை. அதைச் சத்தமாகச் சொல்ல வராதவர்கள் ஒரு சீட்டில் எழுதி நீட்டலாம். இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சியால் வலி அதிகமாக இருக்கலாம். அவர்கள் நேரம் வாங்கும்போதே சொன்னால், சில வாரங்கள் முன்னதாகப் போட ஈஸ்ட்ரோஜன் கிரீம் தர முடியுமா என்று ஜிபி பார்ப்பார். மற்றவர்கள் மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து நேரம் வாங்குங்கள். முந்தைய இரண்டு நாள் உள்ளே கிரீம், மாத்திரை எதுவும் வைக்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் பொதுவாகப் பிரசவம் ஆகி 12 வாரம் கழியட்டும் என்பார்கள்.

திருமணம் ஆகாத பெண்களுக்கும் 25 வயதானால் கடிதம் வரும். அது வீட்டில் ஒரு பரபரப்பைக் கிளப்பும். கடிதம் வயதைப் பார்த்து வருகிறது, வேறு எதையும் பார்த்து இல்லை. யாரோடும் எந்த விதமான பாலுறவும் இருந்ததே இல்லை என்றால் ஆபத்து மிகக் குறைவு. அப்போது எடுக்காமல் விடுவது என்று முடிவு செய்யலாம். இருந்திருக்கிறது, ஆனால் அம்மாவுக்குத் தெரியாது என்றால், தனியாகப் போய்ப் பேசுங்கள். உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லும்படி நர்ஸைக் கேட்கலாம். பல வருடமாகக் கணவரோடு உறவு இல்லாதவர்கள், கணவரை இழந்தவர்கள் “இனி எதுக்கு” என்று நினைப்பதுண்டு. வைரஸ் அடங்கிக் கிடக்கக்கூடியது என்பதால் அவர்களும் எடுப்பது நல்லது.

கிளம்புவதற்கு முன்

உங்கள் முறை வந்திருந்தால், அதாவது கடிதம் ஏற்கெனவே கையில் இருந்தால், டிக்கெட் எடுத்த கையோடு நேரம் வாங்கிவிடுங்கள். முடிவு இரண்டு வாரத்தில் வர வேண்டும் என்பது இலக்கு, தாமதமாவதும் உண்டு. கால்போஸ்கோபிக்கு அனுப்பினால் அதற்கும் காத்திருக்க வேண்டும். ஆகவே கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். முறை இன்னும் வரவில்லை, போகிறோமே என்று முன்கூட்டி எடுக்கக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். நேரத்துக்கு வெகு முன்பே வரும் மாதிரியை லேபே ஏற்பதில்லை. அதில் வருத்தப்பட எதுவுமில்லை. முந்தைய முடிவு சரியாக இருந்தால் அது இன்னும் செல்லும்.

நாட்டை விட்டுப் போவதாகச் சொல்லி ஜிபி பட்டியலிலிருந்து பெயரை எடுத்த பிறகு அழைப்புகள் நின்றுவிடும், என்ஹெச்எஸ் ஆப்பும் முன்போலப் பயன்படாது. அதனால் முடிவுக் கடிதங்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவின் நகலை எழுதிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். முடிவில் தேதி, ஹெச்பிவி டெஸ்ட்டா, செல்களை மட்டும் பார்க்கும் பழைய ஸ்மியரா என்பது, அடுத்தது எப்போது என்பது மூன்றும் தெரிய வேண்டும்.

போகும் நாட்டைப் பொறுத்து மீதி. ஆஸ்திரேலியாவில் 25 முதல் 74 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அங்கே 2022 ஜூலை முதல் விரும்பும் எவரும் மாதிரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பஞ்சுக் குச்சி, தனி அறை, ஸ்பெகுலம் கிடையாது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும்: பிரிட்டிஷ் கொலம்பியா 2024 ஜனவரியில் சுயமாக எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது, தமிழர்கள் அதிகம் இருக்கும் ஒன்டாரியோ 2025 மார்ச்சில் ஹெச்பிவி டெஸ்ட்டுக்கு மாறியது, அங்கே 25 முதல் 69 வயது வரை. இங்கிலாந்திலும், வெகுநாளாக வராதவர்களுக்கு 2026 முதல் வீட்டுக்கே கிட் தரப்போவதாக அரசு 2025 ஜூனில் அறிவித்தது.

அப்படியானால் ஆஸ்திரேலியா போய் நானே எடுத்துக்கொள்கிறேனே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிரந்தர விசாவோடு சில மாதத்தில் போகிறீர்கள், மெடிகேர் (அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு) உடனே கிடைக்கும், ஸ்பெகுலத்தை நினைத்தாலே தூக்கம் வரவில்லை என்றால், அங்கே எடுப்பது எடுக்காமலே இருப்பதைவிட எவ்வளவோ மேல். தற்காலிக விசாவில் போகிறவர்களில் பலருக்கு மெடிகேர் கிடையாது. அவர்கள் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, தானே எடுத்த மாதிரியில் வைரஸ் இருப்பதாக வந்தால் அடுத்த கட்டத்துக்கு ஸ்பெகுலம் தேவைப்படும்.

ஊருக்கே திரும்புகிறவர்களுக்கு, இந்தியாவில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை உண்டு. இலங்கையில் 35 வயதிலிருந்து இதற்குச் சுகவனிதையர் கிளினிக் (பெண்கள் நலக் கிளினிக்) உண்டு. ஆனால் வீட்டுக்குக் கடிதம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அடுத்த தேதியை நீங்களே போனில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடத்தில் மறுபடி எடுக்கச் சொல்லியிருந்தவர்கள் இதை மறந்தே விடுவார்கள்.

உறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், வழக்கமில்லாத வெள்ளைப்படுதல் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. போன வருட முடிவு சரியாக இருந்தது என்பதும் அப்போது சமாதானம் ஆகாது. கடிதத்துக்கோ விமானத் தேதிக்கோ காத்திருக்காமல் ஜிபியிடம் நேராகப் போங்கள். அங்கே செய்வது அறிகுறி இல்லாதவர்களுக்கான ஸ்கிரீனிங் இல்லை, வேறு பரிசோதனை, அதற்கு வயது வரம்பும் கிடையாது.