முதுமையில் புரொஸ்டேட் புற்றுநோய்: கத்தியா, கதிரா, கண்காணிப்பா?

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததுமே, “எப்படியாவது வெட்டி எடுத்துவிடுங்கள் டொக்டர்” என்று கெஞ்சும் பிள்ளைகளை நம் மலையகத்தில் அடிக்கடி பார்க்கலாம். அந்தப் பதற்றத்தில் இருப்பது பாசம். ஆனால், எழுபதைக் கடந்த தகப்பனின் புரொஸ்டேட் சுரப்பியில் வந்திருக்கும் புற்றுநோய்க்கு அந்த அவசரம் பல வேளைகளில் பொருந்துவதில்லை. காரணம் அந்த நோய் வளரும் வேகத்தில் இருக்கிறது.

புரொஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சிறு சுரப்பி. இளம் வயதில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்திருக்கும். வயது ஏற ஏற அது தானாகவே பருத்துக் குழாயை நெருக்கும். நுவரெலியாக் குளிரில் நள்ளிரவில் நான்கைந்து தடவை எழுந்து, லயத்துக்கு வெளியே உள்ள கழிப்பறைக்கு நடக்கும் பெரியவர்களில் அநேகருக்கு இருப்பது புற்றுநோயற்ற இந்தப் பருமன்தான். புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்குகிறது. அதனால் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது.

அதைச் சந்தேகிக்க வைப்பது பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. பி.எஸ்.ஏ. என்பது விந்தை இளகச் செய்ய இந்தச் சுரப்பி உற்பத்தி செய்யும் ஒரு புரதம். சுரப்பியின் கட்டமைப்பு குலைந்தால் அது இரத்தத்தில் கூடுதலாகக் கசியும். குலைப்பது புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுரப்பியின் பருமன், கிருமித்தொற்று, சிறுநீர் அடைப்பு எல்லாமே இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். சிறுநீர் அடைத்து, அதை வெளியேற்றும் குழாயான கதீட்டர் போட்ட கையோடு எடுத்த அறிக்கையை வைத்து ஒரு குடும்பம் அழத் தேவையில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்கக் கேளுங்கள்.

உறுதி செய்வது பயொப்சி. ஊசியால் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் பிரிக்கும் முறையை 1966 இல் வகுத்தவர் அமெரிக்க நோயியல் நிபுணர் டொனால்ட் கிளீசன். நல்ல சுரப்பித் திசு, நிரை பிடித்து நட்ட தேயிலை மலையைப் போல் ஒழுங்காக இருக்கும். புற்றுநோய் முற்ற முற்ற அந்த நிரை கலைந்து, கடைசியில் எது செடி, எது களை என்றே தெரியாத காடாகிவிடும். அந்தக் கலைவுக்குக் கொடுக்கும் எண்தான் கிளீசன் மதிப்பெண். 6 என்றால் மெதுவாக ஊரும் நோய், 7 நடுத்தரம், 8 முதல் 10 வரை மூர்க்கமானது. அறிக்கையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பி.எஸ்.ஏ.யை அல்ல, இந்த எண்ணைத்தான்.

வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது, எழுபது எண்பது வயதுக்காரர்களில் கணிசமானோரின் சுரப்பியில், வாழ்நாளில் அவர்களே அறியாத புற்றுநோய் இருந்தது. பிரித்தானியாவில் நோய் சுரப்பிக்குள் மட்டுமே இருந்த 1,643 ஆண்களைச் சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவாக்கித் தொடர்ந்து கவனித்தார்கள். அனைவரும் 50 முதல் 69 வயதுக்குட்பட்டவர்கள். 2023 இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, மூன்று பிரிவிலும் சேர்த்து இந்த நோயால் இறந்தவர்கள் 2.7 சதவீதம் மட்டுமே. பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடில்லை. கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியவர்கள் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5 சதவீதமளவு. ஆகவே சிகிச்சைக்குப் பலன் உண்டு. ஆனால் அது கைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பக்கவிளைவோ முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. 78 வயதில் இதய நோயும் சர்க்கரையும் உள்ளவர் அந்தப் பலனைக் காணும் வாய்ப்புக் குறைவு. பாதிப்பை மட்டும் அனுபவிக்க நேரலாம்.

அந்தப் பாதிப்பை நம் ஊர் நிலைமையில் வைத்துப் பாருங்கள். சுரப்பியை அகற்றும்போது சிறுநீரை அடக்கும் தசை பலவீனப்படலாம். பொதுக் கழிப்பறையும் செங்குத்துப் படிகளும் உள்ள இடத்தில், நாள் முழுதும் சொட்டும் சிறுநீர் ஒரு மனிதரைக் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகவிடாமல் செய்துவிடும். கதிர்வீச்சு, புற்றணுக்களின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. அருகிலுள்ள நல்ல அணுக்கள் அந்தச் சேதத்தை இன்னும் நன்றாகச் சீர்செய்துகொள்ளும் என்பதால், மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் சிறிது சிறிதாக, வார நாட்களில் தினமும், நான்கு வாரமோ அதற்கு மேலோ கொடுப்பது வழக்கம். அரச வைத்தியசாலையில் இது இலவசம்தான். ஆனால் பொகவந்தலாவையிலிருந்து கண்டி வைத்தியசாலைக்கோ மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ தினமும் போய்வர முடியாது. தங்குமிடமும் கூட இருக்க ஒருவரும் வேண்டும். கூட இருப்பவருக்கு அத்தனை நாள் சம்பளமும் போகும். இவற்றைக் கணக்கில் எடுக்காத ஆலோசனை பாதி ஆலோசனைதான்.

கண்காணிப்பு என்றால் கைவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ.யும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் மறு பயொப்சியும் எடுத்து, நோய் வேகம் பிடித்தால் அப்போது சிகிச்சைக்குப் போவார்கள். பிரித்தானிய ஆய்வில் கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் அப்படிப் போனவர்களே. கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் போகாமல் இருப்பது கண்காணிப்பாகாது.

வயதை மட்டும் வைத்து ஒதுக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். 76 வயதில் தோட்டம் செய்து மலையேறும் ஒருவருக்குக் கிளீசன் 9 வந்தால் அவருக்குச் சிகிச்சை வேண்டும். பெரும்பாலும் கதிர்வீச்சோடு ஹோர்மோன் சிகிச்சை சேரும். இந்த நோயை வளர்ப்பது டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் என்பதை 1941 இல் காட்டிய வைத்தியர் சார்ள்ஸ் ஹகின்ஸ் 1966 இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அதை ஊசியால் அடக்கலாம். அல்லது விரைகளை அகற்றும் சிறு சத்திரசிகிச்சை ஒரே தடவையில் அதே வேலையைச் செய்யும். உடல் திடீரெனச் சூடாகி வியர்ப்பது, தசை மெலிவது, எலும்பு தேய்வது இதன் விலை. மழையில் வழுக்கும் படிகளில் நடப்பவருக்கு எலும்புத் தேய்வு சாதாரண விஷயமல்ல.

அறிக்கையை வாங்கிக்கொண்டு, “அப்பாவிடம் சொல்ல வேண்டாம்” என்று முடிவெடுப்பதும் நம்மிடையே உண்டு. சிறுநீர் ஒழுகினாலும் பரவாயில்லை, நோய் போக வேண்டும் என்பவரும் உண்டு. இருக்கும் காலத்தை நிம்மதியாக நடமாடிக் கழிக்க வேண்டும் என்பவரும் உண்டு. அப்பா இதில் எந்த வகை என்பதை அவரைக் கேட்காமல் எப்படி அறிவீர்கள்? வைத்தியர் சிங்களத்தில் சொல்வது முழுதாகப் புரியாவிட்டால் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் புரியவைக்கும்படி கேட்பது அப்பாவின் உரிமை.

இன்னொன்று. இந்த நோய் பரவினால் பெரும்பாலும் எலும்புக்கு, அதிலும் முதுகெலும்புக்குப் போகும். காலமெல்லாம் மூட்டை சுமந்த முதுகு என்று நம் பெரியவர்கள் அந்த வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். புரொஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்கு இரவில் கூடும் முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் நின்றாலோ, அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே கொண்டு போங்கள். தண்டுவடம் நசுங்கத் தொடங்கியதும் ஸ்டெரொய்ட் மருந்தும் கதிர்வீச்சும் உடனே கிடைத்தால் பலர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முற்றாக விழுந்த பின் மீண்டும் நடப்பவர்கள் மிகச் சிலரே.