ஏப்பத்தில் போகும் தீவனம்

கோடையில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர்களில் மாட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வைக்கோல்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கண்மாய்க் கரையிலும் பொட்டலிலும் தழைத்த அருகும் கொழுக்கட்டைப் புல்லும் பங்குனிக்குள் சருகாகிவிடும். செம்மண் பூமி, ஈரம் நிற்காது. அப்புறம் படப்பிலிருந்து உருவிப் போடுவதுதான் தீனி. வயிறு நிறையும், பால் வற்றும். புலிக்குளம் மாடு இந்த மேய்ச்சலிலேயே பிழைத்து வந்த இனம், தாக்குப்பிடிக்கும். கலப்பினக் கறவை மாடு திணறிப்போகும்.

புல்லின் நாரை மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பை அது. உள்ளே சுமார் 39 டிகிரி சூடு, ஆக்சிஜன் கிடையாது. நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கும்போது அசிட்டிக் அமிலம், புரோப்பியோனிக் அமிலம் போன்றவை உண்டாகின்றன. மாட்டின் உடம்புக்குத் தெம்பு தருவது பெரும்பாலும் இந்த அமிலங்கள்தான்.

சிக்கல் ஹைட்ரஜனில் இருக்கிறது. அசிட்டிக் அமிலம் உண்டாகும்போது ஹைட்ரஜன் மிச்சமாகும். அது தேங்கினால் செரிமானமே மந்தப்படும். அதை எடுத்துக்கொள்ளவென்றே ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று உள்ளே காத்திருக்கிறது. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அது மீத்தேன் ஆக்கும். மாடு அதை ஏப்பமாக வெளியே விட்டுவிடும். பின்பக்கத்தைச் சொல்லிக் கிண்டலடிப்பார்கள், ஆனால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய், மூக்கு வழியாகத்தான் போகிறது. நூறாண்டுக் கணக்கில் இந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 27 மடங்கு சூடேற்றும். மாட்டுக்காரருக்கு அதைவிட உறைக்க வேண்டிய கணக்கு வேறு: தீவனத்திலுள்ள ஆற்றலில் 6, 7 சதவீதம் இப்படிக் காற்றோடு போகிறது.

புரோப்பியோனிக் அமிலம் இதற்கு நேர் எதிர். அது உண்டாகும்போது ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாட்டின் கல்லீரல் அதைக் குளுக்கோஸ் ஆக்கும், பாலின் சர்க்கரை அதிலிருந்து வரும். இளம் புல்லிலும் தானியத்திலும் இதன் பங்கு கூடும். முற்றிய தண்டிலும் வைக்கோலிலும் அசிட்டிக் அமிலமே மேலோங்கும்.

அதனால் எந்தப் புல் என்பதைவிட எப்போது அறுக்கிறோம் என்பது பெரிய விஷயம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை என்பது பரிந்துரை. ஆள் உயரம் வளரட்டும் என்று விட்டால் எடை கூடும், சத்து கூடாது. தண்டை மரம்போல் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் ஏறி நாரைப் பூட்டிவிடும். நுண்ணுயிர்கள் அதை உடைக்க நேரம் பிடிக்கும். பை காலியாகாமல் மாடு அடுத்த வாய் தின்னாது.

புரதமும் சேர வேண்டும். தீவனத்தில் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்களே பட்டினி. வைக்கோலில் இருப்பது 3, 4 சதவீதம். வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியில் ஏறக்குறைய 20 சதவீதம் உண்டு. வரப்போரம் இரண்டு வரிசை போட்டாலே உதவும். கடலைக்கொடியும் நல்லது. வேல நெற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் மீத்தேனைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அளவு மீறினால் புரதத்தையும் கட்டிப்போட்டுவிடும்.

சரி, நன்றாகத் தின்னும் மாடு ஒரு நாளில் விடும் மீத்தேன் கூடாதா? கூடலாம். லிட்டர் பாலுக்கு எவ்வளவு என்று பார்த்தால் குறையும். உயிர் தரிக்கத் தின்னும் பங்குக்கான மீத்தேன் பால் கறந்தாலும் கறக்காவிட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

வைக்கோலே கதி என்றால் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்கலாம். அதிலிருந்து வரும் அமோனியா நாரின் பூட்டைத் தளர்த்தும், நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜனும் கிடைக்கும். பிரித்ததும் நெடி போக ஆறவிட்டுப் போட வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது.