முகத்தைப் பார்த்துப் போலந்தைச் சொல்ல முடியுமா?

"பரம்பரைப் புற்றுநோய்க்கான இந்த மரபணுப் பரிசோதனை போலந்துக் குடும்பங்களுக்குத்தானே, டாக்டர்? என் முகத்தைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?" என்று என் எதிரே அமர்ந்திருந்த பெண் கேட்டார். நாற்பதை நெருங்கும் வயது. கருங்கூந்தல், அடர்ந்த புருவம், ஆழ்ந்த பழுப்பு நிறக் கண்கள். அவருடைய தாய் 47 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்திருந்தார். தாயின் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. பள்ளி நாட்களிலிருந்தே "நீ எந்த நாட்டுக்காரி?" என்று கேட்கப்பட்டுப் பழகிப் போனவர் ஆகையால், தம் முன்னோர் எங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள் என்றும், போலந்துக்காரர்களிடம் மிகுதியாகக் காணப்படும் மரபணுப் பிறழ்வுகளுக்கும் தமக்கும் தொடர்பிருக்காது என்றும் அவர் உறுதியாக நம்பியிருந்தார். அதற்கு முன் அவரைப் பார்த்த ஒரு மருத்துவரும் அந்த நம்பிக்கையைத் திருத்தவில்லை. இரத்த மாதிரி எடுத்து அனுப்பினோம். சில வாரங்களுக்குப் பின் வந்த முடிவில், புற்றுநோயைத் தடுக்க உதவும் பிஆர்சிஏ1 என்னும் மரபணுவில், போலந்தில் எந்தப் பிறழ்வு மிக அதிகமாகக் காணப்படுகிறதோ, அதே பிறழ்வு அவரிடம் இருந்தது.

தமிழ்நாட்டில் பிறந்து, போலந்தில் மருத்துவம் படித்து, இங்கேயே மரபியல் பிரிவில் பணியாற்றி வருகிறேன். வார்சாவுக்கும் கிராக்கோவுக்கும் மருத்துவம் படிக்க வரும் நம் மாணவர்கள், வந்த முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: போலந்துக்காரர்களுக்கென்று ஒரு பொதுவான முகம் இருக்கிறதா? கேட்பதில் தவறில்லை, புதிய ஊரில் கண் முதலில் பழகுவது முகங்களோடுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு மனத்துக்குள் ஒரு பதிலை வைத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை மேற்சொன்ன பெண்ணின் கதை காட்டுகிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

போலந்தில் வெளிர் நிறத் தோலும், நீலம், சாம்பல், பச்சை ஆகிய நிறங்கள் கொண்ட கண்களும் மிகுதி என்பது உண்மை. ஆனால் தொலைவிலிருப்பவர்கள் கற்பனை செய்யும் பொன்னிறக் கூந்தலைத் தெருவில் தேடினால், குழந்தைகளிடம்தான் அதிகம் காண்பீர்கள். வைக்கோல் நிறத் தலையோடு பள்ளிக்குப் போகும் சிறுவனின் முடி, பதின்ம வயதைக் கடக்கும்போது கறுத்து, சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. இங்குள்ளவர்கள் அதைச் 'சியெம்னி பிளோண்ட்', அதாவது கரும்பொன் நிறம் என்கிறார்கள். அதனினும் அடர்ந்த பழுப்பு முடிக்காரருக்கு 'ஷாட்டின்' என்று தனிப்பெயரே உண்டு. பழுப்புக் கண்ணுக்கு அன்றாடப் பேச்சில் வழங்கும் 'பிவ்னே' என்ற சொல்லுக்குப் பொருள் பியர் நிறம் என்பது. ஒரு மொழியில் இத்தனை சொற்கள் புழங்குகின்றன என்றால், அவற்றுக்குரிய மனிதர்களும் அந்த மண்ணில் புழங்குகிறார்கள் என்றுதானே பொருள்? போலந்து அரசின் அடையாள அட்டையில் முன்பு உயரத்தோடு கண்ணின் நிறமும் குறிக்கப்பட்டிருந்தது. 2015 மார்ச்சில் வந்த புதிய அட்டையில் அந்த இரண்டும் நீக்கப்பட்டுவிட்டன.

இந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? நீலக் கண்ணில் நீலச் சாயம் எதுவும் இல்லை. கருவிழிப் படலத்தின் முன்பகுதியில் மெலனின் என்னும் நிறமி குறைவாக இருக்கும்போது ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மெலனினை எவ்வளவு உண்டாக்குவது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது 15-ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் ஹெர்க்2, ஓசிஏ2 என்னும் இரு மரபணுக்களின் பகுதி. செம்முடிக்குப் பெரிதும் காரணமாவது 16-ஆம் குரோமோசோமில் உள்ள எம்சி1ஆர் என்னும் மரபணு. இத்துறையின் முக்கியமான ஆய்வுகளில் ஒரு பகுதி போலந்திலேயே, கிராக்கோவில் நடந்தது. போலந்து ஆய்வாளர் வோய்ச்சியெக் பிரனிட்ஸ்கியும் நெதர்லாந்தின் மான்பிரெட் கைசர் குழுவினரும் சேர்ந்து, போலந்துக்காரர்களின் மாதிரிகளைக் கொண்டு, டிஎன்ஏவிலிருந்து தலைமுடியின் நிறத்தைக் கணிக்கும் முறையை 2011-இல் வெளியிட்டார்கள். பிறகு வந்த ஹைரிஸ்பிளெக்ஸ் என்னும் முறை, 24 மரபணு வேறுபாடுகளைப் பார்த்துக் கண்ணின் நிறத்தையும் முடியின் நிறத்தையும் ஒருங்கே கணிக்கிறது. குற்றப் புலனாய்வில் அடையாளம் தெரியாத உடலுக்குரியவரின் தோற்றத்தை ஊகிக்க இது உதவுகிறது. செம்முடியையும் கருமுடியையும் நன்றாகக் கணிக்கும் இம்முறை, பொன்னிறத்துக்கும் பழுப்புக்கும் இடையே தடுமாறுவதற்கு ஒரு காரணம், மேலே சொன்னபடி வயதோடு முடி கறுப்பதுதான். ஒரே ஒரு நாட்டுப் பெயரைக்கூட இந்த முறை சொல்லாது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பால்டிக் கடலைச் சுற்றியுள்ள பின்லாந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, சுவீடன், வட ஜெர்மனி, போலந்து ஆகிய எல்லா நாடுகளிலும் அதே வெளிர் நிறங்கள் மிகுந்து, தெற்கே போகப்போகச் சிறிது சிறிதாகக் குறைகின்றன. எல்லைக் கோட்டில் எந்த நிறமும் நின்று திரும்புவதில்லை.

தந்தைவழியைக் காட்டும் ஒய் குரோமோசோமை வைத்துப் பேசுபவர்களும் உண்டு. போலந்து ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆர்1ஏ என்னும் மரபுக்குழுவைச் சேர்ந்தவர்கள் என்பது சரியான தகவல்தான். ஆனால் அதே ஆர்1ஏவின் இன்னொரு கிளை, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வந்து, இந்தியா முழுவதும், தமிழ்நாட்டிலும்கூடக் காணப்படுகிறது. அவர்களுக்கும் நமக்கும் முகம் ஒன்றாக இருக்கிறதா? தோலை வெளிறச் செய்யும் எஸ்எல்சி24ஏ5 என்னும் மரபணுவின் வேறுபாடும் அப்படித்தான். ஏறத்தாழ எல்லா ஐரோப்பியரிடமும் இருக்கும் அது, தென்னிந்தியரிலும் கணிசமானோரிடம் இருக்கிறது. முகத்தின் வடிவமோ எண்ணற்ற மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து உருவாக்குவது. அதில் எந்த ஒன்றுக்கும் தேசியம் கிடையாது.

தோற்ற வகைகளில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டிருந்த அறிஞர்களாலும் போலந்துக்காரர்களை ஒரே வகைக்குள் அடைக்க முடியவில்லை. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் லிவூஃப் நகரில், இன்றைய உக்ரைனின் லிவீவில், மானிடவியல் பேராசிரியராக இருந்த யான் செகனோவ்ஸ்கி, மண்டை ஓட்டையும் மூக்கையும் அளந்து மக்களை வகைப்படுத்தியவர். அவரும் தம் நாட்டினரைப் பல வகைகளின் கலப்பு என்றே விவரித்தார். அந்த அளவீட்டு முறை இன்று அறிவியலாகக் கொள்ளப்படுவதில்லை. ஆயினும் கலப்பு என்று அவர் கண்டது இந்நாட்டின் வரலாற்றோடு பொருந்துகிறது. 1931-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அன்றைய போலந்தில் போலிஷைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 69 விழுக்காட்டினர் மட்டுமே. எஞ்சியவர்கள் உக்ரைனியம், இத்திஷ், பெலாரூசியம், ஜெர்மன் முதலிய மொழிகளைப் பேசியவர்கள். கிழக்கே போட்லாசியே பகுதியில் குருஷினியானி, போஹோனிக்கி என்ற சிற்றூர்களில் மரத்தாலான பழைய மசூதிகள் இன்றும் நிற்கின்றன. மூன்றாம் யான் சொபியெஸ்கி மன்னர் 1679-இல் தம் படையில் பணிபுரிந்த தத்தாரியருக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்கள் அவை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் வீட்டில் போலிஷ்தான் பேசுகிறார்கள். போலந்தின் அடையாளமாகவே போற்றப்படும் இசையமைப்பாளர் ஷோப்பானின் தந்தை பிரான்சின் லொரேன் பகுதியிலிருந்து வந்தவர்.

முகத்தைப் பார்த்து மனிதரை வகைப்படுத்தும் பழக்கத்தை நான் ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்பதற்கு மருத்துவத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. இந்த மண்ணில் அது உயிரைக் குடித்திருக்கிறது. 1939-இல் போலந்தைக் கைப்பற்றிய நாஜிகள், போலந்துக்காரர்களை உள்ளிட்ட ஸ்லாவியரைத் தாழ்ந்த இனம் என்று அறிவித்தார்கள். ஆனால் தாங்கள் உயர்வாகக் கொண்டாடிய பொன்முடியும் நீலக் கண்ணும் அதே ஸ்லாவியரின் வீடுகளில் நிறைந்திருப்பதைக் கண்டபோது, தம் கோட்பாட்டை அவர்கள் கைவிடவில்லை, குழந்தைகளைக் கைப்பற்றினார்கள். ஜமோஷ்ச் வட்டாரத்திலிருந்து 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மக்களை ஊர் ஊராக வெளியேற்றியபோதும், அநாதை இல்லங்களிலும், குழந்தைகளின் முடி, கண், தலை ஆகியவற்றை அளந்து, 'தகுதியானவர்கள்' என்று முடிவு செய்யப்பட்டவர்களை ஜெர்மனிக்கு அனுப்பிப் பெயர் மாற்றி, ஜெர்மன் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். வூட்ச் நகரில் இதற்கென்றே ஒரு பரிசோதனை மையம் இயங்கியது. அவ்வாறு பறிக்கப்பட்டவர்கள் இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்பது போருக்குப் பின் போலந்தில் செய்யப்பட்ட மதிப்பீடு. அவர்களில் சிறு பகுதியினரே வீடு திரும்பினார்கள். அந்த மையத்தில் அளவுகோலைப் பிடித்தவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள் என்பதை நான் மறப்பதில்லை.

அதே ஆண்டுகளில், அதே நகரங்களில், யூதர்கள் 'டோப்ரி விக்லோண்ட்' என்ற இரு சொற்களை நம்பி உயிர் வாழ்ந்தார்கள். 'நல்ல தோற்றம்' என்பது அதன் நேர்ப்பொருள். போலந்துக்காரர் என்று நம்பத்தக்க தோற்றம் என்பது உட்பொருள். அது உடையவர், யூதர்கள் அடைத்துவைக்கப்பட்ட கெட்டோ என்னும் பகுதிக்கு வெளியே போலிச் சான்றிதழோடு நடமாடலாம். இல்லாதவர் அலமாரிக்குப் பின்னாலும் நிலவறையிலும் ஒளிந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு முடியை வெளுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் காட்டிக்கொடுத்துப் பணம் பறிக்கும் 'ஷ்மால்ட்சோவ்னிக்' என்பவர்கள் முடியைவிடக் கண்களையே பார்த்தார்கள் என்று தப்பிப் பிழைத்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தேடியது கண்ணின் நிறத்தை அன்று. அதில் தேங்கியிருந்த அச்சத்தையும் துயரத்தையும். பொன்முடியும் நீலக் கண்ணும் கொண்ட யூதர்களும், கருமுடியும் வளைந்த மூக்கும் கொண்டு அதனாலேயே தெருவில் நிறுத்தப்பட்ட கத்தோலிக்கப் போலந்துக்காரர்களும் இருந்தார்கள். போருக்கு முன் இந்நாட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 33 லட்சம் யூதர்களில் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

இவ்விடத்தில் நான் மீண்டும் என் மேசைக்கு வருகிறேன். முதலில் சொன்ன பெண்ணிடம் நாங்கள் கண்ட பிறழ்வு, போலந்தில் பிஆர்சிஏ1 மரபணுவில் மிகுதியாகக் காணப்படும் மூன்று பிறழ்வுகளுள் ஒன்று. அதே பிறழ்வு, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடமும் அடிக்கடி காணப்படுவது. அதன் தொடக்கத்தை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலோ வட ரஷ்யாவிலோ ஒருவரிடம் அது தோன்றியிருக்கலாம் என்றும், பின்னர் 400 முதல் 500 ஆண்டுகளுக்கு முன் போலந்தில் யூதர்களிடையே நுழைந்திருக்கலாம் என்றும் கணிக்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பிரித்துவிட முடியும் என்று கொலைகாரர்கள் நம்பிய இரு சமூகத்தினரும், கண்ணுக்குத் தெரியாத, டிஎன்ஏவில் உள்ள அந்த ஓர் எழுத்துப் பிழையைச் சில நூறு ஆண்டுகளாகப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். போலந்துக்காரர்களிடம் பொதுவாக இருப்பது எது என்று என்னைக் கேட்டால், இத்தகைய பிழைகளைத்தான் காட்டுவேன். அவை எந்தக் கண்ணாடியிலும் தெரியாதவை. தெரிந்துகொண்டால் உயிரைக் காப்பவை.

என் பணிக்காலத்தில் பொதுவான முகம் என்று சொல்லத்தக்க ஒன்றை ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். நைமேகன் உடைவு நோய்க்குறி என்னும் அரிய நோயுள்ள குழந்தைகள், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்: சிறிய தலை, பின்னோக்கிச் சரிந்த நெற்றி, முன்னே துருத்திய நடுமுகம், சிறிய தாடை. 8-ஆம் குரோமோசோமில் ஐந்து எழுத்துகள் விடுபட்டதால் வரும் இந்நோய், நெதர்லாந்து நகரத்தின் பெயரைத் தாங்கினாலும், உலகில் மிக அதிகமாகக் காணப்படுவது போலந்து, செக், உக்ரைன் ஆகிய நாடுகளின் ஸ்லாவியரிடம். அங்கே ஏறத்தாழ 150 முதல் 200 பேரில் ஒருவர் இந்தப் பிறழ்வை, தமக்கு நோய் இல்லாமலே, தாமறியாமல் சுமக்கிறார். நோயுள்ள குழந்தைக்குக் கதிர்வீச்சைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைவு. தேவையற்ற எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் தீங்கு செய்யும். அந்த முகத்தை அறிந்துகொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். ஆனால் அந்தக் குழந்தையையும் முதலில் பெற்றோரோடும் உடன்பிறந்தோரோடும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம். மனத்திலிருக்கும் ஒரு தேசிய முகத்தோடு ஒப்பிடுவதில்லை.

ஆகவே, போலந்தில் பயிற்சிக்கு வரும் நம் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் எளிமையானது. குடும்ப வரலாற்றைக் கேளுங்கள். தாத்தா பாட்டி எந்த ஊரில் பிறந்தார்கள், யாருக்கு எந்த நோய், எந்த வயதில் வந்தது என்று மூன்று தலைமுறை வரை கேளுங்கள். போருக்குப் பின் எல்லைகளே நகர்த்தப்பட்டு, லட்சக்கணக்கானோர் இடம்பெயர்க்கப்பட்ட நாடு இது. அதனால் பலருக்குத் தம் பாட்டியின் உண்மையான ஊரே தெரியாது, சிலருக்கு அது மறைக்கப்பட்டிருக்கும். பொறுமையாகக் கேட்டால் ஏதேனும் ஓர் இழை கிடைக்கும். கிடைக்காவிட்டாலும், நோயின் வயதும் உறவு முறையுமே பரிசோதனைக்குப் போதுமான காரணமாகலாம். வியட்நாமிய வழியில் வார்சாவில் பிறந்தவரும், நைஜீரியத் தந்தைக்குக் கிராக்கோவில் பிறந்தவரும் போலந்துக்காரர்களே. அவர்களுடைய தாய்வழியிலோ தந்தைவழியிலோ போலந்து மரபு இருந்தால், அதே மூன்று பிறழ்வுகள் அவர்களிடமும் இருக்கக்கூடும்.

அந்தப் பெண் இப்போது ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ எடுத்துக்கொள்கிறார். சினைப்பைகளை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இந்தப் பிறழ்வு உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோயும், ஏறத்தாழ பத்தில் நால்வருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வர வாய்ப்புண்டு என்பதால், அவசரமாக அவருடைய உடன்பிறந்தோரையும் அழைத்தோம். தங்கைக்குச் 'சியெம்னி பிளோண்ட்' முடி, சாம்பல் நிறக் கண். யாரும் அவரை எந்த நாட்டுக்காரி என்று கேட்டதே இல்லையாம். அவரிடமும் அதே பிறழ்வு இருந்தது. தம்பியின் முடிவு இன்னும் வரவில்லை.