தபாலைத் திருப்பி அனுப்பினால் வங்கி திரும்பிப் போய்விடாது

கடன் பாக்கியோடு சென்ற வாரமும் ஒருவர் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். அடமான வீட்டைத் தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பை வங்கி வீட்டுக் கதவில் ஒட்டிச் சென்று 50 நாட்கள் ஆகியிருந்தன. "முதலில் அவர்கள் அனுப்பிய பதிவுத் தபாலில் நான் கையெழுத்தே போடவில்லை சார், அப்படியானால் நோட்டீஸ் செல்லாதுதானே?" என்று பெரிய சாமர்த்தியம் செய்தவரைப் போலக் கேட்டார்.

செல்லும். சரியான முகவரிக்கு வந்த தபாலை 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் தபால்காரர் திருப்பிவிட்டால், அது உங்களிடம் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். தபாலுக்குத் தப்பினாலும், கதவில் ஒட்டவும் இரண்டு நாளிதழ்களில் வெளியிடவும் விதிகள் இடம் தருகின்றன. உங்களோடு போயிருக்க வேண்டிய கடன் விவரம் ஊருக்கே தெரிந்ததுதான் மிச்சம். இதைவிட வருத்தமானது, உறைக்குள் என்ன இருக்கிறதென்று பாராமலே, பாக்கியைக் கட்ட அந்த நோட்டீஸ் தரும் 60 நாள் அவகாசத்தைத் தொலைப்பது.

நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுத்துக் கடனை வசூலிக்க வங்கிக்கு வழி தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் வரும் அந்த முதல் நோட்டீசுக்கு நீங்கள் எழுத்து மூலம் ஆட்சேபணை அனுப்பினால், அதை ஏற்காத வங்கி 15 நாட்களுக்குள் காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். கட்டிய தவணை வரவு வைக்கப்படாதது, வட்டிக் கணக்கில் உள்ள பிழை, அடமானச் சொத்து உண்மையில் பயிர் நடக்கும் விவசாய நிலம் என்பது, பாக்கித் தொகை அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவு என்பது போன்றவையே ஆட்சேபணைகள். தொழில் நொடித்துவிட்டது, கருணை காட்டுங்கள் என்பது மன்றாட்டுதான். எங்களில் சிலரே அதைத் தட்டச்சு செய்து கட்டணமும் வாங்கிவிடுகிறோம்.

உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 34ஆம் பிரிவு அந்தக் கதவைப் பொதுவாக அடைத்திருக்கிறது. சுவாதீன நடவடிக்கை நடந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனருக்கும் தகவல் சொல்லுங்கள், அவர் சொத்தும் இதில் சிக்கலாம். தயவுசெய்து, உறையைப் பிரித்த அன்றே கணக்கு விவரத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வந்தவருக்கு 45 நாளும் கடந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு எடுபடுமென்று என்னால் உறுதி கூற முடியவில்லை. ஏல அறிவிப்பு வெளியாகும் முன் செலவுகளோடு முழுப் பாக்கியையும் கட்டினால் வீட்டை மீட்கலாம், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதுவே கெடு என்பதை மட்டும் சொல்லி அனுப்பினேன்.