ரோல்பேக் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தில், இரவில் ஓடும் இன்வாய்ஸ் இறக்குமதியில், ஏற்கெனவே இருந்த ஒரு பில் எண் மறுபடியும் வந்திருக்கிறது. அதன் பிறகு வந்த, எந்தக் குறையும் இல்லாத பதிவுகள் அனைத்தும் விழுந்துவிட்டன. நிரல் எழுதிய தம்பியைக் கேட்டால், "எக்ஸப்ஷனைப் பிடித்து லாக் செய்திருக்கிறேனே அண்ணா" என்கிறார். இந்தப் பதிலை எத்தனை குழுக்களில்தான் கேட்பது?

நீங்கள் எழுதிய எக்ஸெப்ட், அதாவது எக்ஸப்ஷன் எனும் ஓட்டநேரப் பிழையைப் பிடிக்கும் பகுதி, பைதான் நிரல் நின்றுவிடாமல் காத்தது, அவ்வளவுதான். டேட்டாபேஸில் திறந்திருக்கும் டிரான்சாக்ஷனுக்கு, அதாவது ஒன்றாக நிலைக்கவோ ஒன்றாக ரத்தாகவோ வேண்டிய கட்டளைத் தொகுப்புக்கு, அது தெரியவே தெரியாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு கட்டளை பிழையானால், ரோல்பேக் (செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறும் கட்டளை) வரும்வரை அந்த டிரான்சாக்ஷன், தரவைப் படிக்கும் வெறும் செலக்ட்டைக்கூட ஏற்காது. பைதானிலிருந்து டேட்டாபேஸோடு பேச உதவும் எஸ்க்யூஎல்ஆல்கெமியோ, ஃப்ளஷ் (மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்புவது) தோற்றவுடன் டிரான்சாக்ஷனைத் தானே திரும்பப் பெற்றுவிட்டு, நீங்கள் ரோல்பேக்கை அழைக்கும்வரை அந்த செஷனை, அதாவது டேட்டாபேஸோடு அது நடத்தும் உரையாடலை, பயன்படுத்த விடாது. முதலில் ரோல்பேக் செய்யுங்கள் என்று பிழைச் செய்தியிலேயே எழுதியிருக்கிறது, தயவுசெய்து அதைப் படியுங்கள். பிழைக்கு முன்னர் சேர்த்து, இன்னும் கமிட் ஆகாதிருந்த, அதாவது நிலையாகச் சேமிக்கப்படாதிருந்த, நல்ல பதிவுகளும் அதோடு போய்விட்டன என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. எக்ஸப்ஷனைப் பிடிப்பது மீட்பு ஆகாது. மீட்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஜாவாவில் இதே வேலையைச் செய்யும் ஹைபர்நேட்டில் இன்னும் கண்டிப்பு: எக்ஸப்ஷன் எழுந்த செஷனை ரோல்பேக் செய்து, மூடி, கைவிடத்தான் வேண்டும், ஏனெனில் நினைவகத்தில் உள்ள பொருள்களும் டேட்டாபேஸில் உள்ளவையும் இனி ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை. பிஹெச்பியில் உள்ள டாக்ட்ரின், செஷனைப் போன்ற தன் என்டிட்டி மேனேஜரைத் தானே மூடிவிடுகிறது.

ஒரு பதிவு விழுந்தாலும் மற்றவை நிலைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு பதிவையும் ஒரு சேவ்பாயின்ட்டுக்குள் (டிரான்சாக்ஷனின் நடுவே, அதுவரை மட்டும் திரும்பிச் செல்ல வைக்கும் குறி) சேருங்கள். பைதானின் வலைச் செயலிக் கட்டமைப்பான ஜாங்கோவில், எக்ஸெப்ட்டோடு சேர்ந்த ட்ரை வெளியே இருக்க வேண்டும், டிரான்சாக்ஷனையோ சேவ்பாயின்ட்டையோ திறக்கும் அட்டாமிக் அதற்குள்ளே. இதைத் தலைகீழாக எழுதி, அட்டாமிக்குக்குள்ளேயே பிழையை விழுங்கிவிட்டு, அடுத்த குவெரி ஏன் மறுக்கப்படுகிறது என்று கேட்காதீர்கள்.

எல்லாப் பிழைக்கும் மறுமுயற்சி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். போஸ்ட்கிரெஸின் 23505 என்ற தனித்தன்மைப் பிழையில் (ஏற்கெனவே உள்ள மதிப்பு மறுபடி வருவது), அதே பதிவை மீண்டும் அனுப்பினால் அதே பிழைதான் வரும். 40001 (ஒரே நேரத்தில் ஓடிய டிரான்சாக்ஷன்கள் மோதியது) அல்லது டெட்லாக் (டிரான்சாக்ஷன்கள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடுவது) என்றால் மறுமுயற்சி பொருந்தும். ஆனால் விழுந்த வரியிலிருந்து அல்ல, தரவை மறுபடி படிப்பதிலிருந்து அந்த வேலை முழுவதையும் புதிய டிரான்சாக்ஷனில் செய்ய வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி சேமிப்பு இயந்திரத்திலும் இதே கவனம் தேவை: அங்கே தனித்தன்மைப் பிழை அந்தக் கட்டளையை மட்டும் திரும்பப் பெறும், டெட்லாக்கான 1213 டிரான்சாக்ஷன் முழுவதையும் திரும்பப் பெறும்.

ஒரே செஷனை மாட்யூல் மட்டத்தில், அதாவது நிரல் கோப்பு முழுவதற்கும் பொதுவாக, வைத்து எல்லாக் கோரிக்கைகளுக்கும் பகிராதீர்கள். ஒருவருடைய பிழை அடுத்தவர் தலையில் விழும். இறக்குமதிக்கு டெஸ்ட் எழுதும்போது, நடுவில் வேண்டுமென்றே ஒரு நகல் பில் எண்ணை வைத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகள் சேமிக்கப்பட்டனவா என்பதைப் புதிய செஷனில் படித்துச் சரிபார்த்த பிறகே நிரலை ரிவ்யூவுக்கு அனுப்புங்கள்.